மனுஷங்ககிட்ட வராத பூனைக்கு அடிபட்டா: பழகுற வரை காத்திருக்கலாமா, உடனே கூண்டு வைக்கலாமா?

எங்க வீட்டுப் பின்பக்கம் ரெண்டு வருஷமா ஒரு கடுவன் வந்துட்டு இருந்தான். சாம்பல் கலர்ல வரி வரியா இருப்பான், நான் தட்ட வெச்சுட்டு உள்ள வந்து கதவ சாத்துன பிறகுதான் சுவத்துல இருந்து இறங்குவான், கதவு கொஞ்சம் அசைஞ்சாலே திரும்ப சுவத்து மேல. ஒரு நாள் காலைல முன்னங்கால் ஒண்ண தூக்கிட்டு நொண்டி நொண்டி வந்தான், தோள்பட்டைல எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒரு வீக்கம். எனக்கு அப்ப தோணுனது இதுதான்: இன்னும் கொஞ்ச நாள் பொறுமையா பழக்குனா கையாலயே தூக்கிடலாம், இப்ப கூண்டு வெச்சுப் பிடிச்சா பயந்துடுவான், ரெண்டு வருஷமா வந்த நம்பிக்கை ஒரே நிமிஷத்துல போயிடும். அப்படி நெனச்சு ஆறு நாள் காத்துட்டு இருந்தேன். ஆறாவது நாள் அவன் தட்டுகிட்டயே வரல, செடிக்குப் பின்னாடி ஒடுங்கிப் படுத்திருந்தான், வீக்கம் உடைஞ்சு முடியெல்லாம் ஒட்டிப்போய், பத்தடி தள்ளி நின்ன எனக்கே சீழ் நாத்தம் அடிச்சுது.

பொழச்சுட்டான். ஆனா அந்த ஆறு நாளும் அவன் பட்ட வலி நான் தப்பா போட்ட கணக்கால வந்தது, இதே கணக்க இப்ப யாராவது போட்டுட்டு இருப்பீங்கன்னுதான் இத எழுதுறேன். காயத்துக்கு நாள் கணக்கு, நம்பிக்கைக்கு மாசக் கணக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்காம தனித்தனியா முடிவு எடுத்தா வேலை பாதி சுலபம்.

முதல்ல அது நிஜமாவே ஃபெரலான்னு பாருங்க, ஏன்னா இது தெரிஞ்சா பாதி கேள்விக்கு பதில் கெடைச்சுடும். ஃபெரல்னா மனுஷன் கை படாமலே வளந்த பூனை. குட்டி பிறந்து ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான் மனுஷங்க ஆபத்தில்லன்னு அதோட மூளை சுலபமா கத்துக்குற காலம், அத தாண்டி வளந்தா நாம அதுக்கு ஒரு பெரிய மிருகம், அவ்வளவுதான். வீட்டுல இருந்து தொலைஞ்சுபோன இல்ல விட்டுட்டுப் போன பூனையும் அடிபட்டா பயத்துல இதே மாதிரி சீறும், ஆனா நாலஞ்சு நாள் ஒரே நேரத்துல சாப்பாடு வெச்சா மெதுவா கண்ணப் பாக்கும், சின்னதா ஒரு மியாவ் சொல்லும், வால தூக்கும். வளந்த ஃபெரல் பூனை பெரும்பாலும் நம்மகிட்ட குரலே குடுக்காது. காதையும் பாருங்க, ஒரு காதோட நுனி நேரா வெட்டுன மாதிரி இருந்தா அது சண்டைல கிழிஞ்சது இல்ல, யாரோ ஏற்கெனவே பிடிச்சு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி விட்டதுக்கான அடையாளம். அந்தப் பூனைய பாத்துக்குற ஆள் பக்கத்துல எங்கயாவது இருக்கலாம், அவங்கள கண்டுபிடிச்சா கூண்டு, டாக்டர் எல்லாமே அவங்ககிட்ட தயாரா இருக்கலாம்.

அடுத்து காயம். கிட்ட போகாமலே நெறைய தெரிஞ்சுக்கலாம், மொபைல்ல ஜூம் பண்ணி வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுறது ரொம்ப உதவும். பூனை வலிய மறைக்கும், கத்தாது, அழாது. ஆனா முகம் காட்டிக்குடுக்கும். 2019ல கனடாவோட மாண்ட்ரியல் யுனிவர்சிட்டில இருந்து ஃபீலைன் க்ரிமேஸ் ஸ்கேல்னு ஒண்ணு வந்துது, அதுல அஞ்சு விஷயம் பாக்குறாங்க: காது எப்படி நிக்குது, கண்ணு எவ்வளவு இறுக்கமா சுருங்கியிருக்கு, மூக்கும் வாயும் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கா, மீசை நேரா விறைச்சு நிக்குதா, தலை தோளுக்குக் கீழ தொங்குதா. ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 2 வரைக்கும் மார்க், மொத்தம் 10க்கு 4 இல்ல அதுக்கு மேல வந்தா வலி மருந்து வேணும்னு எடுத்துக்கலாம். எங்க கடுவனோட பழைய ஃபோட்டோவ அப்புறமா எடுத்துப் பாத்தேன், முதல் நாளே கண்ணு பாதி மூடி காது ரெண்டும் பக்கவாட்டுல திரும்பித்தான் இருந்துது, நான் அத "தூக்கக் கலக்கம்"னு நெனச்சிருக்கேன்.

சரி, இப்ப வழிகளப் பாப்போம்.

தூரத்துல இருந்து பாத்துக்கிட்டு சாப்பாடும் தண்ணியும் மட்டும் வைக்கிறது ஒரு வழி. இது சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன், சில காயத்துக்கு இதுதான் சரி. மேலோட்டமான கீறல், காதுல சின்னக் கிழிசல், நொண்டுது ஆனா கால ஊனுது, நல்லா சாப்பிடுது, தன்ன நக்கிச் சுத்தம் பண்ணிக்குது, சுவர் ஏறுதுன்னா ரெண்டு நாள் பாருங்க. நாளுக்கு நாள் நல்லா ஆகுதான்னு பாக்கணும், அப்படியே இருந்தாலும் சரி இன்னும் மோசமானாலும் சரி, பாத்தது போதும்னு முடிவு பண்ணிடுங்க. இந்த வழில பெரிய குழப்பம் பல்லு பட்ட காயம்தான். பூனைப் பல்லு ஊசி மாதிரி, உள்ள ஆழமா இறங்கும், மேல தோல் சட்டுன்னு மூடிக்கும், பாஸ்ச்சரெல்லா மாதிரி பாக்டீரியா உள்ளயே மாட்டிக்கும். முதல் நாள் ஒண்ணுமே தெரியாது. ரெண்டுல இருந்து அஞ்சு நாளுக்குள்ள வீங்கி, காய்ச்சல் வந்து, சாப்பாடு நிக்கும். எங்க ஆளுக்கு நடந்தது அச்சு அசலா இதுதான், பக்கத்து ஏரியா கடுவன் ஒருத்தன் கடிச்சிருக்கான். அதனால ராத்திரி பூனை சண்டை சத்தம் கேட்டு மறுநாள் நொண்டுனா "சின்னக் காயம்தான்"னு விட்டுடாதீங்க.

காத்திருக்கவே கூடாத சில விஷயம் இருக்கு: வாயத் தொறந்து மூச்சு வாங்குறது, நிக்காத ரத்தம், எலும்பு வெளிய தெரியுறது, பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டு நகர்றது, காயத்துல ஈ மொய்க்கிறது இல்ல புழு நெளியுறது, ஆண் பூனை திரும்பத் திரும்ப யூரின் போக உக்காந்து ஒண்ணும் வராதது. ஒரு நாள் முழுக்க தொடர்ந்து சாப்பிடாததும் இதுல சேத்தி, பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா கல்லீரல்ல கொழுப்பு சேர ஆரம்பிக்கும், அதுலயும் கொஞ்சம் குண்டான பூனைன்னா சீக்கிரம் வரும், அப்புறம் காயம் ஆறுனாலும் இது வேற தனியா ஒரு நோயா நிக்கும்.

ரெண்டாவது வழி, நான் பண்ணது: முதல்ல பழக்கு, அப்புறம் தூக்கு. கேக்க அழகா இருக்கும். ஆனா வளந்த ஃபெரல் பூனை கையால தூக்குற அளவுக்கு வர மாசக்கணக்கு ஆகும், பல பூனை வாழ்நாள் முழுக்க வராது. வலில இருக்குற பூனை சாதாரண நாள விட இன்னும் உஷாராதான் இருக்கும், ஏன்னா தப்பிச்சு ஓட முடியாதுன்னு அதுக்கே தெரியும். அப்படியே கிட்ட வந்தாலும் நீங்க தூக்குற அந்த செகண்ட் கடிக்கும், அது மோசமான குணத்தால இல்ல, உயிர்பயம். கனமான கையுறை போட்டாலும் பல்லு உள்ள இறங்கிடும். பூனை கடிச்சா கையில இன்ஃபெக்ஷன் ஒரே நாளுக்குள்ள கூட ஏறும், விரல் மூட்டுல இல்ல மணிக்கட்டுல பட்டா ஹாஸ்பிடல்ல சேர வேண்டி வரலாம், ரேபிஸ் இருக்குற ஊருன்னா அந்த பயம் வேற. கடி பட்டா முதல் வேலை சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுறது, அப்புறம் நேரா டாக்டர், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வேண்டாம். பூனைக்கும் இதனால கஷ்டம்தான், கடிச்ச பூனைய 10 நாள் கண்காணிப்புல வைக்கச் சொல்வாங்க, தடுப்பூசி போடாத பூனைன்னா கொன்னுட்டு டெஸ்ட் பண்ற விதி இருக்குற இடமும் உண்டு. அன்பா தூக்கப் போய் அதோட உயிருக்கே உலை வெச்ச மாதிரி ஆயிடும்.

இதோட இன்னொரு ஆபத்து, பழக்குற அந்த நாள்ல சும்மா இருக்க மனசு வராம நாமளே மருந்து குடுக்க ஆரம்பிச்சுடுவோம். தயவு செஞ்சு வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அத உடைச்சு வெளியேத்துற வேலைய பூனையோட கல்லீரல் சரியா செய்யாது, ரத்தம் ஆக்சிஜன் தூக்க முடியாம ஈறெல்லாம் பழுப்பு இல்ல நீலமா மாறிடும், நாம சாதாரணமா போடுற ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனைய கொல்லப் போதும். இப்யூப்ரோஃபென், ஆஸ்பிரினும் அப்படித்தான். தண்ணில ஊத்துனா வெள்ளையா மாறுற அந்த மாதிரி கிருமிநாசினி, டீ ட்ரீ ஆயில், நாய்க்கு போடுற பெர்மெத்ரின் உண்ணி மருந்து எதுவும் பூனை மேல படக்கூடாது, நக்கி உள்ள போயிடும். காயத்த கழுவுற வாய்ப்பே கெடைச்சாலும் வெறும் உப்புத்தண்ணி போதும், கொதிச்சு ஆறுன அரை லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு.

மூணாவது வழி கூண்டு வெச்சு பிடிச்சு, டாக்டர்கிட்ட காட்டி, மயக்கம் தெளிஞ்சதும் பிடிச்ச அதே இடத்துல விடுறது. என்னோட ஓட்டு பெரும்பாலான காயத்துக்கு இதுக்குத்தான். பயம் இருக்கும், ஆனா அது சில மணி நேரம். நான் இது கொடூரம்னு நெனச்சிருந்தேன், நேர்ல பாத்த பிறகு மாறிட்டேன்: கதவு விழுந்ததும் முப்பது நாப்பது செகண்ட் முட்டி மோதுவான், கூண்டு மேல ஒரு கனமான பெட்ஷீட்ட போட்டு மூடுன உடனே சத்தம் அடங்கிடும். இருட்டு கெடைச்சா பூனை ஒடுங்கிக்கும். எனக்கு நம்பவே முடியல, துணிக்கு அந்தப் பக்கம் மூச்சு சத்தம் மட்டும்தான்.

கூண்டு வைக்கிறதுல சின்னச் சின்ன விஷயம்தான் முக்கியம். முதல்ல டாக்டருக்கு ஃபோன், "ஃபெரல் பூனை, கூண்டோட கொண்டு வருவேன், கூண்டுக்குள்ள வெச்சே மயக்க ஊசி போடுவீங்களா"ன்னு நேரடியா கேளுங்க, எல்லா க்ளினிக்கும் பண்ண மாட்டாங்க, பூனைய பிடிச்சுட்டு டாக்டர தேடுறது நரகம். ஆடாத சமதரைல வைங்க, கால் வெச்சதும் கூண்டு ஆடுனா பூனை திரும்பிடும். அடில நியூஸ்பேப்பர் விரிங்க, கம்பித்தரை பாதத்துல படக்கூடாது. வாசம் தூக்குற வெட் ஃபுட் இல்ல டின் மீன, மிதிச்சா கதவு விழுற அந்தத் தட்டுக்கு அந்தப் பக்கம் கடைசில வைங்க, வாசல்ல இருந்து துளித்துளியா ஒரு வழி மாதிரி விடுங்க. நல்லா இருக்குற பூனைன்னா முந்தின நாள் சாப்பாடு நிறுத்திதான் பிடிப்பாங்க, அடிபட்ட பூனைய அவ்வளவு நேரம் பட்டினி போடாதீங்க, ஒரு வேளை தள்ளிப்போட்டா போதும், தண்ணிய எடுக்கவே எடுக்காதீங்க. கூண்ட வெச்சுட்டு வெளிய போகவே கூடாது, கண்ணுல படுற தூரத்துல இருங்க. அவசரம் இல்லாத காயம்னா கதவ கட்டித் தொறந்து வெச்சு மூணு நாலு நாள் உள்ளயே சாப்பாடு போட்டு பழக்கிட்டு அப்புறம் செட் பண்ணலாம், பழக்கம்னு ஒண்ணு இந்த நேரத்துல உதவும்னா அது இங்கதான், பூனைய நம்மகிட்ட பழக்குறதுக்கு பதிலா கூண்டுகிட்ட பழக்குறது. முன்னாடியே ஒரு தடவ மாட்டி விவரமான பூனைன்னா ஓரத்துல குச்சி வெச்சு தூக்கி நிறுத்தி கயிறு கட்டி இழுக்குற பெரிய கவுக்குற கூண்டு கெடைக்குதான்னு ரெஸ்க்யூ ஆளுங்ககிட்ட கேளுங்க.

டாக்டர்கிட்ட காட்டுன பிறகு மருந்து எப்படிக் குடுக்கறதுங்குறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, தினம் ரெண்டு வேளை மாத்திரைய தொடக்கூட முடியாத பூனைக்கு யார் ஊட்டுறது. இதுக்கு வழி இருக்கு. செஃபோவெசின்னு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி, தோலுக்கு அடில ஒரு தடவ போட்டா 14 நாள் வரைக்கும் வேலை செய்யும், எல்லா கிருமிக்கும் ஒத்துவராது, எதுக்கு சரின்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், ஆனா "இந்தப் பூனைய என்னால மறுபடி தொட முடியாது"ன்னு நீங்க சொன்னாத்தான் அவங்க அந்தக் கோணத்துல யோசிப்பாங்க. தையலும் அப்படித்தான், தானா கரையுற நூல் போடச் சொல்லுங்க, பிரிக்கிறதுக்கு இன்னொரு தடவ பிடிக்க வேண்டாம். காயத்த நக்காம இருக்க கழுத்துல பிளாஸ்டிக் கூம்பு போடுற கேஸ்னா வெளிய விடவே முடியாது, அத ஞாபகம் வைங்க. மயக்கத்துல இருக்கும்போதே குடும்பக்கட்டுப்பாடு, ரேபிஸ் ஊசி, காது நுனி அடையாளம் எல்லாத்தையும் உடம்பு தாங்கும்னா சேத்து முடிச்சுடலாம், கடுமையான காய்ச்சல் சீழ் இருந்தா ஆபரேஷன தள்ளிப்போடுவாங்க. கடுவனுக்கு இது காயத்துக்கே மருந்து மாதிரி, ஏரியா சண்டையும் பெண் பூனைக்காக நடக்குற சண்டையும் கொறைஞ்சாலே பாதி சீழ்க்கட்டி வராது. எங்க கடுவன ஆபரேஷன் பண்ண பிறகு இன்னைக்கு வரைக்கும் ஒரு கடிகூட வாங்கல.

நாலாவது வழி, பிடிச்சு வீட்டுக்குள்ள வெச்சு ஆத்துறது. எலும்பு முறிவு, பெரிய தையல், கண்ணு ஆபரேஷன், கால் எடுக்குறது, தினம் மருந்து வேணுங்குற கேஸ் இதுக்கெல்லாம் வேற வழி கெடையாது, இடுப்பெலும்பு விரிசல் பல நேரம் ஆபரேஷன் இல்லாம கூண்டு ஓய்வுலயே ஆறும், ஆனா 4ல இருந்து 6 வாரம் ஆகும். பண்றதுக்கு முன்னாடி உங்களால அவ்வளவு நாள் காலைலயும் ராத்திரியும் நேரம் ஒதுக்க முடியுமான்னு உண்மையா யோசிங்க. பூனை ஒரு ரூம் முழுக்க சுதந்திரமா இருக்கணும்னு ஆசைப்படாதீங்க, முதல் வாரம் பெரிய ரூம் ஃபெரல் பூனைக்கு பயம்தான், பீரோவுக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கும், அப்புறம் காயத்தையும் பாக்க முடியாது மருந்தும் குடுக்க முடியாது. பெரிய நாய்க்கூண்டு ஒண்ணு, மூணு பக்கமும் துணி, உள்ள ஒரு மலத்தட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டு, முக்கியமா ஒளிஞ்சுக்க ஒரு பெட்டி. அந்தப் பெட்டி கதவு உள்ளதா இருந்து, வெளிய இருந்தே குச்சியால சாத்த முடிஞ்சா இன்னும் நல்லது, பூனை உள்ள போய் ஒளிஞ்சதும் கதவ சாத்திட்டு நிதானமா க்ளீன் பண்ணலாம், ரெண்டு பேருக்கும் டென்ஷன் இல்ல. மலத்தட்டுல கடைல வாங்குன லிட்டரோட கொஞ்சம் தோட்ட மண்ணு கலந்து போட்டா சட்டுன்னு புரிஞ்சுக்கும்.

முதல் ரெண்டு நாள் பகல்ல எதுவும் சாப்பிடாது, ராத்திரி நீங்க தூங்குன பிறகு சாப்பிடும், அதனால வைக்கிறப்ப எடை போட்டு வெச்சு காலைல மறுபடி எடை போடுங்க, கண்ணால பாத்து "தொடல"ன்னு முடிவு பண்ணாதீங்க. யூரினும் கவனிங்க, பயத்துல ஒரு நாள் அடக்கி வைக்கும், ரெண்டாவது நாளும் தட்டு காஞ்சே இருந்தா டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. வீட்டுல வேற பூனை இருந்தா ரெண்டு வாரமாவது தனி ரூம், தனித் தட்டு, கை கழுவாம மாறி மாறி தொடக்கூடாது, எஃப்ஐவி (பூனையோட எதிர்ப்பு சக்திய கொறைக்குற வைரஸ்), லுகீமியா வைரஸ் டெஸ்ட் முடிஞ்சு தெள்ளு, படை எதுவும் இல்லன்னு தெரியுற வரைக்கும். ஜன்னல் கொசுவலைய நம்பாதீங்க, ஒரு ராத்திரில கிழிச்சுடும். பாத்ரூம் மாதிரி சின்ன, மூலை முடுக்கு இல்லாத இடத்துல கூண்ட வெச்சா தப்பிச்சாலும் அங்கயே இருக்கும்.

அஞ்சாவது, ரெஸ்க்யூ ஆளுங்ககிட்ட இல்ல ஷெல்டர்கிட்ட குடுக்குறது. ஃபெரல் பூனைல அனுபவம் உள்ளவங்க கெடைச்சா அத விட நல்லது இல்ல, யோசிக்காம குடுங்க. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: "தத்து எடுக்க முடியாத வளந்த ஃபெரல் பூனைய நீங்க என்ன பண்ணுவீங்க?" பல ஷெல்டர்ல கூண்டுக்குள்ள சீறுற பூனைக்கு இடம் கெடையாது, மனுஷங்ககிட்ட வராதுன்னே காரணம் காட்டி ஊசி போட்டுக் கொன்னுடுவாங்க. "குணமானதும் நானே வந்து வாங்கிக்குறேன், அதே இடத்துல விடுறேன்"னு சொன்னா ஒத்துக்குறவங்க உண்டு, அத பேசி முடிச்சுட்டு குடுங்க.

கருணைக்கொலை பத்தியும் சொல்லணும், சொல்லாம விட்டா இது நேர்மையா இருக்காது. முதுகுத்தண்டு உடைஞ்சு யூரின் தானா போக முடியாத ஒரு பூனைய தினம் ரெண்டு மூணு தடவ வயித்த அழுத்தி காலி பண்ணணும். மடில படுக்குற பூனைக்கு அது வாழ்க்கை. மனுஷன் கை பட்டாலே நடுங்குற பூனைக்கு அது தினம் ரெண்டு மூணு தடவ சித்திரவதை. அந்த முடிவ டாக்டர் சொன்னா அத தோல்வியா எடுத்துக்காதீங்க, அது இன்னும் மயக்கத்துல இருக்கும்போதே வலி தெரியாம போறது நாம குடுக்கக்கூடிய ஒரு நல்ல விஷயம். அதே நேரம் கால் ஒண்ணு போச்சுன்னோ எஃப்ஐவி பாசிட்டிவ்னோ யாராவது உடனே அந்தப் பேச்ச எடுத்தா இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க, மூணு கால் பூனை ஓடும் ஏறும் பிடிக்கும், எஃப்ஐவி இருக்குற பூனையும் பல வருஷம் நல்லா இருக்கும்.

இப்ப நான் பயந்த அந்த விஷயத்துக்கு வர்றேன், கூண்டு வெச்சா நம்பிக்கை போயிடுமா. கொஞ்சம் போகும். ஆனா அது கூண்டு மேலயும் அந்த இடத்து மேலயும் வர்ற பயம், பெரும்பாலும் உங்க மேல நிரந்தரமா தங்காது, அதுவும் வழக்கமான தட்டு வழக்கமான நேரத்துல திரும்ப வந்துடுச்சுன்னா. எங்க ஆள க்ளினிக்ல இருந்து கொண்டு வந்து மருந்துக்காக ஒன்பது நாள் உள்ள வெச்சிருந்தேன், அந்த ஒன்பது நாள்ல நடந்த பழக்கம் முந்தின ரெண்டு வருஷத்துல நடக்கல. அதுக்கு நான் பண்ணது பெருசா ஒண்ணும் இல்ல. கூண்டுக்குப் பக்கத்துல தரைல உக்காருவேன், நேரா பாக்காம பக்கவாட்டுல திரும்பி, மொபைல்ல இருக்குறத சன்னமா வாசிச்சுட்டே. எழுந்திருக்கறப்பவும் மெதுவா. சீறுனா பின்னாடி போக மாட்டேன் முன்னாடியும் போக மாட்டேன், அப்படியே இருப்பேன், சீறுறது கோவம் இல்ல பயம், அதுக்கு பதில் சொல்லாம இருந்தா அது தானா அடங்கும்.

கண்ண மெதுவா மூடி மூடித் தொறக்குறத சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். 2020ல இங்கிலாந்துல சசெக்ஸ், போர்ட்ஸ்மத் யுனிவர்சிட்டி ஆளுங்க அத பூனைங்ககிட்ட பண்ணியே பாத்திருக்காங்க, மனுஷன் கண்ண மெதுவா சுருக்கி மூடுனா பூனையும் திருப்பி அப்படி பண்றது அதிகம், நீட்டுன கைகிட்ட வர்றதும் அதிகம். அது வீட்டுப் பூனைங்கதான், ஃபெரல் பூனைக்கு நேரம் ஆகும், ஆனா உத்து பாக்குறதுக்கு பதிலா இத பண்றதுல நஷ்டம் எதுவும் இல்ல.

அஞ்சாவது நாள் ராத்திரி நீளக் கைப்பிடி உள்ள ஒரு ஸ்பூன்ல வெட் ஃபுட் தடவி கம்பி வழியா உள்ள நீட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. எனக்கு கை வலிச்சு தரைல முட்டிய ஊனிக்கிட்டேன். அப்புறம் பெட்டிக்குள்ள இருந்து மூக்கு மட்டும் வந்துது, காது ரெண்டும் பின்னாடிதான் இருந்துது, ஸ்பூன் நுனிய ஒரே ஒரு தடவ நக்குனான். அந்த சொரசொர நாக்கு ஸ்டீல்ல உரசுற அதிர்வு ஸ்பூன் வழியா என் விரலுக்கு வந்துது. அடுத்த நக்குக்கு ஒரு காது மட்டும் முன்னாடி திரும்புச்சு. அவ்வளவுதான், பாதி ஸ்பூன்ல நிறுத்திட்டு உள்ள போயிட்டான், நானும் அதுக்கு மேல நீட்டல.

அவசரப்பட்டு தொட்டுடாதீங்க. ஸ்பூன் பழகுன பிறகு ஒரு குச்சி நுனில மெத்துனு துணி சுத்தி கன்னத்துல லேசா தடவலாம், கன்னமும் தாடையும்தான் பூனை தானே போய் உரசுற இடம். தலைக்கு மேல இருந்து கை வரக்கூடாது, பிடிக்க வர்ற கை அப்படித்தான் வரும். ஒரு விரல மடக்கி மூக்கு உயரத்துக்கு நீட்டி மோந்து பாக்க விடுங்க, அது தலைய சாய்ச்சா மேல போங்க, திருப்பிக்கிட்டா விட்டுடுங்க. வால் வேகமா அடிக்க ஆரம்பிச்சாலோ தோல் சிலுத்தாலோ அன்னைக்கு முடிஞ்சுது. காயம் இருக்குற பக்கம் கை போகவே வேண்டாம், உங்க கைக்கும் வலிக்கும் முடிச்சு போட்டுடும். மருந்த நீங்க ஊட்டிக்கிட்டே நட்பும் பிடிக்கிறது கஷ்டம், முடிஞ்சா வீட்டுல ஒருத்தர் மருந்து, இன்னொருத்தர் சாப்பாடு.

ஆறுன பிறகு விடுறதா வைக்கிறதாங்குறது கடைசி கேள்வி. எட்டு வாரத்துக்குள்ள இருக்குற குட்டின்னா யோசிக்கவே வேண்டாம், பழக்கி வீடு பாத்துக் குடுங்க. வளந்த பூனைன்னா அது என்ன கேக்குதுன்னு பாருங்க. மூணு நாலு வாரம் ஆகியும் ராத்திரி முழுக்க ஜன்னல்லயே நிக்குது, நீங்க ரூம்ல இருக்குற வரை சாப்பாடு தொடலன்னா அதுக்கு வெளியதான் வீடு, அங்க சாப்பாடு வைக்க ஆள் இருக்குன்னா அதே இடத்துல விடுங்க. "நல்ல இடம்"னு எங்கயோ புதுசா கொண்டு போய் விட்டா பழைய இடம் தேடிப் போய் ரோட்டுல அடிபடும், வேற வழியே இல்லாம இடம் மாத்துனாலும் புது இடத்துல ரெண்டு மூணு வாரம் அடைச்சு வெச்சு பழக்கிட்டுத்தான் விடணும். ரெண்டு கண்ணும் போன பூனை, சமநிலை இல்லாம விழுற பூனை இதுங்கள வெளிய விடக்கூடாது, அதுங்களுக்கு பயம் போகலனாலும் உள்ள ஒரு மூலைய நிரந்தரமா குடுத்துடுங்க.

எங்க கடுவன பத்தாவது நாள் விடியக்காலைல பின்பக்கமே கூண்டத் தொறந்து விட்டேன். திரும்பிப் பாக்காம ஓடினான். அன்னைக்கு வரல, மறுநாளும் வரல, ரெண்டு நாளும் தட்ட அதே நேரத்துக்கு வெச்சு எடுத்தேன். மூணாவது நாள் சாயங்காலம் சுவத்து மேல இருந்தான், ஷேவ் பண்ண தோள்பட்டை ரோஸ் கலர்ல பளிச்சுனு தெரிஞ்சுது. நான் ஸ்பூன எடுத்துட்டு வந்து கதவ சாத்தாம வாசப்படியிலயே உக்காந்தேன், அவன் சுவத்துல இருந்து இறங்கி ஸ்பூனுக்கு ரெண்டடி முன்னாடி வந்து உக்காந்துட்டான், கால் நாலும் தரைல.